ஐயாயிரமாவது பேக்கப்

இந்தப் பெட்டி போய்விட்டால் பதினோரு வருடமாக நான் என்ன நினைத்தேன் என்பது எனக்கே தெரியாமல் போய்விடும். மற்றவர்கள் நினைத்தது தெரியும். அவர்கள் அதைச் சத்தமாகச் சொன்னார்கள். வீட்டில் பவித்ரேட்டன் எதையும் இரண்டு தடவை சொல்வார். நான் நினைத்தது மட்டும் இதற்குள் இருக்கிறது. இதற்கு இன்னொரு பிரதி கிடையாது. எனக்கும் கிடையாது.

வத்ஸலா இவ்வளவையும் நினைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். கவுன்டர்க்காரர் நிமிர்ந்து பார்த்ததும், "கம்ப்யூட்டர் ஆன் ஆகல" என்று மட்டும் சொன்னாள்.

"உறுப்பினர் எண்?"

சொன்னாள். அது அவள் கணவன் பவித்ரனுடைய எண். ஒரு வீட்டுக்கு ஓர் எண் என்பது சங்கத்தின் மூன்றாவது விதி.

தலசேரிக்கு வடக்கே எங்கள் ஊரில் காய்ச்சல் வந்தால் கூட்டுறவு ஆஸ்பத்திரிக்குப் போவோம். கல்யாணத்துக்குப் பாத்திரமும் பந்தலும் கூட்டுறவில்தான் எடுப்போம். அதனால் கம்ப்யூட்டர் கெட்டால் வீட்டுக் கணினிப் பராமரிப்புக் கூட்டுறவுச் சங்கத்துக்குத்தான் போகவேண்டும். தனியார் கடைக்குப் போனால் சட்டப்படி யாரும் ஒன்றும் செய்துவிட மாட்டார்கள். மறுநாள் காலை வாசகசாலையில் பவித்ரன் போய் உட்கார்ந்தால் பேப்பரை யாரும் அவர் பக்கம் நகர்த்த மாட்டார்கள், அவ்வளவுதான். பவித்ரன் கைத்தறிச் சங்கத்தில் முப்பத்திரண்டு வருடம் மேலாளராக இருந்தவர். பேப்பர் இல்லாமல் அவரால் உயிரோடு இருக்க முடியாது.

வத்ஸலா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ஊர் முழுவதும் ஒருவரோடொருவர் பேசுவதற்கு இருபத்தாறு வருடம் இணைப்புக் கொடுத்தாள். அந்த இருபத்தாறு வருடத்தில் அவள் பேசியதைக் கூட்டிப் பார்த்தால் எண்களும் "லைன் பிஸி"யும்தான் மிஞ்சும். ஓய்வு பெற்ற பிறகுதான் மகனுடைய பழைய கம்ப்யூட்டர் சாப்பாட்டு அறை மூலைக்கு வந்தது. மதியம் இரண்டு மணிக்கு பவித்ரன் மீன்கறிச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தூங்கப் போவார். இரண்டிலிருந்து மூன்றரை வரை அவள் தட்டச்சு செய்வாள். அன்றைக்குச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது எதுவோ அது. ஒரு நாளைக்கு ஒரு ஃபைல். சில நாள் ஒரு வரி, சில நாள் நான்கு பக்கம்.

எல்லாம் 'மீட்டர் ரீடிங்' என்ற ஃபோல்டரில் இருந்தன. அந்தப் பெயரை வைத்தால் வீட்டில் யாரும் திறக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

போன புதன்கிழமை திரை நீலமானது. அதில் ஒரு சோக முகம் வந்தது. பிறகு கறுத்துவிட்டது.

சங்கத்தின் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குச் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது: 'பேக்கப் இல்லாமல் பழுதுபார்ப்பு இல்லை.' அதைப் படித்தபோது வத்ஸலாவுக்கு நெஞ்சு இளகியது. தன் பயத்தைத் தனக்கு முன்பே யாரோ யோசித்து, எழுதி, பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். இத்தனை நாள் ஸ்தாபனங்களைப் பற்றித் தான் நினைத்தது தப்போ என்றுகூடத் தோன்றியது.

அவள் ஒரு புதுப் பென் டிரைவ் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். கவுன்டர்க்காரர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இத எப்படி உள்ள விட்டாங்க? வாசல்ல வாங்கிக்கிட்டு டோக்கன் தரணுமே."

"இதுல காப்பி பண்ணித் தாங்க, போதும்."

"வெளிப் பொருளுக்கு அனுமதியில்ல சேச்சி. வைரஸ். போகும்போது டோக்கனக் காட்டி வாங்கிக்கோங்க." அவர் பென் டிரைவை ஒரு மரப்பெட்டியில் போட்டார். கோயில் வாசலில் செருப்புக் கிடப்பதுபோல் அதில் முப்பது நாற்பது பென் டிரைவ்கள் கிடந்தன. சிலவற்றின் மேல் ஒட்டடை.

பிறகு படிவம் தந்தார். எட்டுப் பக்கம். ஐந்தாம் பக்கத்தில் 'உள்ளடக்கத்தின் தன்மை' என்று ஒரு கட்டம். குடும்பம், கல்வி, விவசாயம், இதர. இதர என்றால் விவரிக்கவும். வத்ஸலா பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். உண்மையைச் சொல்வதென்றால் கட்டம் போதாது. கடைசியில் ஃபோல்டரின் பெயரை எழுதினாள். மீட்டர் ரீடிங், மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு ஃபைல்.

"குடும்பத் தலைவர் கையெழுத்து வேணும்" என்றார் கவுன்டர்க்காரர்.

வீட்டில் பவித்ரன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படிவத்தைப் படித்தார்.

"மூவாயிரத்துத் தொள்ளாயிரம் நாளா மீட்டர் பார்த்திருக்க?"

"ம்."

"தினமுமா?"

"முடிஞ்சவரைக்கும்."

"எதுக்கு வத்ஸலே?"

"ஏறுதா இறங்குதான்னு தெரியணும்ல."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முப்பத்தைந்து வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. "இதெல்லாம் நீ சொல்றதே இல்ல. சொல்றதே இல்ல" என்றார், இரண்டு தடவை. அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. இத்தனை வருடம் கழித்து முதல் தடவையாக இவருக்கு என் மேல் மரியாதை வருகிறது, அதுவும் நான் செய்யாத ஒன்றுக்காக என்று அவள் நினைத்தாள். வழக்கமாக அதை மதியம் எழுதியிருப்பாள். இப்போது எழுத இடம் இல்லை.

சாயங்காலத்துக்குள் வாசகசாலை முழுவதற்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

நான்கு நாள் கழித்து உள்ளடக்க ஆய்வுக் குழு கூடியது. மேஜையில் சாயாவும் பழம்பொரியும் இருந்தன. நடுவில் சங்கச் செயலாளர் சுகுணன் மாஷ், அவருக்கு வலது பக்கம் தலைவர் திவாகரன் வக்கீல். மாஷ் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். வக்கீல் வக்கீலாகவே ஓய்வு பெறாமல் இருந்தார். இருவருக்கும் முன்னால் வத்ஸலாவின் படிவம். அதை வாசிக்காமலே மடித்து வைத்திருந்தார்கள். விஷயம் வாசகசாலையிலேயே தெரிந்துவிட்டதே.

"வத்ஸலேச்சி, உக்காருங்க" என்றார் மாஷ். "பயப்பட ஒண்ணுமில்ல. இந்தச் சங்கத்துல பேக்கப் எடுத்து ஒரு உறுப்பினரோட ஃபைலும் காணாமப்போனதா இன்னிவரைக்கும் புகார் இல்ல. ஒரே ஒரு புகார்கூட இல்ல."

"அப்படியா" என்றாள் வத்ஸலா. உண்மையாகவே நிம்மதியாக இருந்தது.

"ஏன் இல்ல? யோசிச்சுப் பாருங்க. காணாமப்போச்சுன்னு சொல்லணும்னா என்ன இருந்துச்சுன்னு நிரூபிக்கணும். நிரூபிக்கிறதுக்கு ஃபைல் வேணும். இதுவரைக்கும் யாரும் நிரூபிச்சதில்ல."

வக்கீல் தலையாட்டினார். "ஒருத்தர் வந்தாரே மாஷே. கூத்துபறம்புக்காரர்."

"வந்தார். பொண்ணோட நடனம் வீடியோ இருந்துச்சுன்னார். நாம பேக்கப் சான்றிதழோட நகல் குடுத்தோம். வாங்கிட்டு அமைதியாப் போனார். அழுதுக்கிட்டேதான் போனார், ஆனா அமைதியா."

பழம்பொரித் தட்டு அவள் பக்கம் நகர்ந்தது. அவள் எடுக்கவில்லை.

"நம்ம பேக்கப் எங்க இருக்கும் மாஷே?" என்று கேட்டாள்.

கேள்வி மாஷுக்குப் பிடித்துப்போனது. நாற்காலியில் நிமிர்ந்தார். "அதுதான் நம்ம பெருமையே. தனியார் கடைல குடுத்தா உங்க பொருள் எங்கெங்கயோ போகும். யார் யாரோ பாப்பான். நம்ம சங்கத்துல முதல் வருஷம் ஒரு தப்பு நடந்துச்சு. ரெண்டு உறுப்பினரோட கல்யாண ஆல்பம் மாறிப்போச்சு. ஒருத்தர் ஒரு மாசம் விருந்தாளிகளுக்கு இன்னொருத்தர் பெண்டாட்டியக் காட்டிட்டிருந்தார். பெரிய ரகளை. அப்பப் பொதுக்குழு கூடி ராத்திரி பதினொரு மணி வரைக்கும் விவாதிச்சு விதி பதினாலு கொண்டுவந்தோம். உறுப்பினரோட உடைமை உறுப்பினரோட பெட்டிய விட்டு ஒரு அங்குலம் வெளிய போகக் கூடாது. இன்னிவரைக்கும் போனதில்ல."

நல்ல விதியாகத்தான் தோன்றியது. தன் ஃபைல்கள் யார் கண்ணிலும் படாது என்று வத்ஸலா நினைத்தாள். சாயாவை எடுத்துக் குடித்தாள்.

வக்கீல் தொண்டையைச் செருமினார். "இன்னொரு சந்தோஷ சமாச்சாரம். உங்களது ஐயாயிரமாவது பேக்கப். அதுவும் மின்சாரச் சிக்கனம். பதினோரு வருஷம் ஒரு குடும்பத்தலைவி தினமும் மீட்டர் பார்த்து எழுதியிருக்கான்னா, இது சும்மா விடற விஷயமில்ல. ஞாயித்துக்கிழமை நம்ம முற்றத்துல பந்தல். விளக்கேத்தி, வாழ்த்துரையெல்லாம் வச்சு, கடைசில நீங்களே உங்க கையால என்டர் அமுக்கி மறுநிறுவலத் தொடங்கி வைக்கணும்."

"நானா?"

"உங்க பெட்டி. உங்க கை. விதி பதினாலோட உணர்வே அதுதான்."

பேக்கப் எடுத்தாகிவிட்டது என்று சனிக்கிழமை காலை போன் வந்தது. சான்றிதழை வாங்கிக்கொண்டு திருப்திக் கடிதத்தில் கையெழுத்துப் போட வரச் சொன்னார்கள். வத்ஸலா போனபோது மாஷ் பந்தல் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். பழுதுபார்க்கும் அறையில் ரம்ஸீனா என்ற பெண் மட்டும் இருந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். சங்கத்தில் டெக்னீஷியன் அவள் ஒருத்திதான். தினக்கூலிக்கு ஏழு வருடமாக.

வத்ஸலாவின் பெட்டி பெஞ்சில் வயிறு திறந்து கிடந்தது. பார்க்க என்னவோபோல் இருந்தது.

"சேச்சி, ஒண்ணு சொல்லணும்" என்றாள் ரம்ஸீனா. கையில் இருந்த திருப்புளியைத் துணியில் துடைத்தாள். "காப்பி சரியா திறக்குதான்னு பாக்க ஒரே ஒரு ஃபைலத் திறந்தேன். திறந்து பாக்கணும்னு விதி எதுவும் இல்ல. நானாப் பாப்பேன்."

வத்ஸலாவுக்கு முகம் சூடாவது தெரிந்தது.

"மீட்டர் ரீடிங் இல்ல" என்றாள் ரம்ஸீனா.

"இல்ல."

"முதல் மூணு வரிதான் படிச்சேன். உடனே மூடிட்டேன். பவித்ரேட்டன் விருந்தாளிங்ககிட்ட, வத்ஸலாவுக்கு மீன் தலை பிடிக்காதுன்னு சொல்லித் தலைய அவர் தட்டுல வச்சுக்கிட்டார்னு எழுதியிருந்தீங்க. முப்பது வருஷமா எனக்குப் பிடிக்கும்னு எழுதியிருந்தீங்க."

"அது ஓணத்துக்கு அடுத்த நாள்."

"எங்க வீட்டுல எனக்கும் பிடிக்காதாம்" என்றாள் ரம்ஸீனா.

வாசலில் பந்தல் கம்பு நடும் சத்தம் கேட்டது. எழுதும்போதெல்லாம் வத்ஸலா, யாராவது படித்துவிடுவார்களோ என்று பயந்திருக்கிறாள். படித்தவள் இப்படிப் பக்கத்தில் நிற்பாள் என்று ஒரு தடவையும் நினைத்ததில்லை. பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. யாரோ கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததுபோல் இருந்தது.

"சொல்ல வந்தது அது இல்ல" என்று ரம்ஸீனா குரலைத் தாழ்த்தினாள். "காப்பி எங்க இருக்குன்னு தெரியுமா? இதே டிஸ்க்ல. பக்கத்துல இன்னொரு ஃபோல்டர் போட்டு அதுல வச்சிருக்கேன். அப்படித்தான் வைக்கணும், விதி பதினாலு. நாளைக்கு நீங்க என்டர் அமுக்கினதும் முழு டிஸ்க்கும் அழியும். அதுதான் மறுநிறுவல். பழசும் போகும், காப்பியும் போகும்."

வத்ஸலாவுக்கு முதலில் புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னாள்.

"வீட்டுல வெள்ளம் வரப்போகுதுன்னு படுக்கையறைல இருக்குற பத்திரத்த எடுத்து அடுக்களைல வைக்கிறோம். வச்சதுக்குச் சான்றிதழும் குடுக்கறோம்."

"ஐயாயிரம் பேருக்குமா?"

"நான் வந்தப்புறம் மூவாயிரம். மூணு தடவை எழுதிக் குடுத்தேன். மூணு தடவையும் 'கவனத்தில் கொள்ளப்பட்டது'ன்னு மினிட்ஸ் புத்தகத்துல ஏத்தினாங்க. நாலாவது தடவை எழுதினா என்னைய வெளிய அனுப்பிருவாங்க."

"உன் மெஷின்ல வச்சு எனக்குத் தர முடியாதா மோளே?" கேட்கும்போதே வத்ஸலாவின் கண் மேலே போனது. சுவர் மூலையில் கேமரா இருந்தது. ரம்ஸீனா அதைப் பார்க்கவில்லை; பார்க்காமலே அது அங்கிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"சரி, வேண்டாம்" என்றாள் வத்ஸலா. "நீ எதுவும் பண்ண வேண்டாம். இத மட்டும் சொல்லு. இப்ப உள்ள இருக்குறது நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு. டிஸ்க்ல ஒரு கோளாறும் இல்ல, விண்டோஸ்தான் கெட்டிருக்கு. டிஸ்க்கக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டினா பத்து நிமிஷ வேலை. எந்தக் கடையிலயும் பண்ணுவாங்க." அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள். "அழிக்காத வரைக்கும்."

வத்ஸலா மாஷைத் தேடிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்தில்கூட மேலதிகாரியின் அறைக்கு அவள் தானாகப் போனதில்லை.

"மாஷே, காப்பியும் அதே டிஸ்க்லதான் இருக்காம். நாளைக்கு அத அழிச்சா ரெண்டும் போயிடுமே."

மாஷ் அவளை அன்போடு பார்த்தார். கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல்.

"வத்ஸலேச்சி, காப்பி எடுத்தோமா இல்லையா?"

"எடுத்தீங்க."

"சான்றிதழ் குடுத்தோமா?"

"குடுத்தீங்க. லேமினேட் பண்ணிக் குடுத்தீங்க."

"அப்ப பேக்கப் பிரிவோட வேலை முடிஞ்சுது. அழிக்கிறது பழுதுப் பிரிவு. ரெண்டும் தனித்தனி. ஒண்ணோட வேலைல இன்னொண்ணு தலையிடாது. இதத்தான் நாம ஜனநாயகம்னு சொல்றோம்."

"ரெண்டு பிரிவுலயும் அந்தப் பொண்ணு ஒருத்திதானே இருக்கா."

"ஆள் ஒண்ணு. பிரிவு ரெண்டு." அவர் பந்தல்காரரிடம் கம்பை இடது பக்கம் நகர்த்தச் சொன்னார். "விதில உங்களுக்கு மாறுபட்ட கருத்து இருந்தா மார்ச்ல பொதுக்குழு. திருத்தம் குடுங்க. நானே ஆதரிக்கிறேன்."

"அப்ப மார்ச் வரைக்கும் என் பெட்டியத் தொடாம வையுங்க."

"அதெப்படி? நோட்டீஸ் அச்சடிச்சாச்சே."

இதற்குமேல் பேச ஒன்றும் இல்லை என்று வத்ஸலாவுக்கும் தெரியும். எங்கள் ஊரில் நோட்டீஸ் அச்சாகிவிட்டால் பிறகு எதையும் மாற்ற மாட்டோம். ஒருமுறை தலைமை வகிக்க வேண்டியவர் முந்தின நாள் இறந்துபோனார். அவருடைய படத்தை நாற்காலியில் வைத்துக் கூட்டம் நடந்தது. 'தலைவர் தம் உரையில்' என்று மறுநாள் பேப்பரில் நான்கு வரி வந்தது.

திருப்திக் கடிதத்தை மாஷ் நீட்டினார். வத்ஸலா, "நாளைக்குப் போடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வரும் வழியெல்லாம் தன் மேலேயே கோபம். ஏன் நாளைக்கு என்றாய்? மாட்டேன் என்று சொல்ல என்ன கேடு? எப்போதும் நாளைக்கு, எப்போதும் பார்க்கலாம், எப்போதும் ஒரு சிரிப்பு. வீட்டில் சொல்லாததை எழுதி வைத்தாய். எழுதி வைத்ததைக் காப்பாற்றவும் சொல்லத் தெரியவில்லை.

அன்று சாப்பிடும்போது பவித்ரனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"நாளைக்கு அந்த விழா வேண்டாம் பவித்ரேட்டா."

"என்ன வேண்டாம்? நோட்டீஸ்ல உன் பேருக்குக் கீழ என் பேரும் இருக்கு. என் பேரும் இருக்கு." அவர் மத்தித் தலையை உறிஞ்சினார். "மீட்டர் ரீடிங்தானே. போனா போகுது. நாளைலேர்ந்து புதுசா எழுது. நானும் கூட வந்து பாக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை முற்றம் நிறைந்திருந்தது. மேடையில் ஐந்து திரி விளக்கு. அதற்குப் பக்கத்தில் மேஜையில் வத்ஸலாவின் பெட்டி, திரை, கீபோர்டு. திரைக்கு மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள், பெட்டிக்குச் சிவப்பு ரிப்பன். ரம்ஸீனா மேடையின் கீழே, வயர்களுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றாள். பவித்ரன் முதல் வரிசையில், இஸ்திரி போட்ட வெள்ளை முண்டில்.

வரவேற்புரை நாற்பது நிமிடம். அதில் சங்கம் எங்கிருந்து தொடங்கி எங்கே வந்தது என்பதை மாஷ் விளக்கினார். தொடங்கிய இடத்துக்கும் வந்த இடத்துக்கும் ஒரே முகவரி. வாழ்த்துரை ஐந்து பேர். ஐந்து பேரும் தங்கள் வீட்டு மீட்டரைப் பற்றிப் பேசினார்கள். பிறகு திவாகரன் வக்கீல் மைக்கை இழுத்துக்கொண்டார்.

"நண்பர்களே, பதினோரு வருஷம். ஒரு பெண்மணி. எந்த விளம்பரமும் இல்லாம, யாருக்கும் சொல்லாம, தினமும் ஒரு பதிவு. இப்படிப்பட்ட பொக்கிஷம் நம்ம ஊர்ல வேற எங்க இருக்கு? எங்கயும் இல்ல. இத அழிக்கிறதுக்கு முன்னாடி இதப் பாராட்டறது நம்ம கடமை. பாராட்டாம அழிச்சா வரலாறு நம்மள மன்னிக்காது."

கைத்தட்டல்.

"சிலர் கேக்கறாங்க, பேக்கப் எதுக்குன்னு. நான் சொல்றேன். பேக்கப்ங்கறது பொருள் இல்ல, ஒரு மனநிலை. ஐயாயிரம் குடும்பம் இன்னிக்கு நிம்மதியாத் தூங்குதுன்னா காரணம் அவங்க சுவர்ல தொங்கற சான்றிதழ். அதத் திறந்து பாத்தாங்களா? இல்ல. திறந்து பாக்கறவன் நம்பாதவன். நம்பாதவனால கூட்டுறவ வளர்க்க முடியாது."

மறுபடி கைத்தட்டல். பவித்ரன் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டினார்.

"இப்ப நம்ம வத்ஸலேச்சி என்டர் அமுக்கி மறுநிறுவலத் தொடங்கி வைப்பாங்க."

வத்ஸலா மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். திரையில் மல்லிகைச் சரத்துக்கு நடுவே ஒரே ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் இருந்தது. இந்த டிஸ்கில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா என்று கேட்டது. இரண்டு வாரமாக இந்தச் சங்கத்துக்கு வந்து போகிறாள். அவளிடம் நேராகக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான்.

கேட்டபிறகு பதில் சொல்ல வேண்டும் அல்லவா என்று அவளுக்குத் தோன்றியது. பதில் நாக்கில் தயாராக இருந்தது. எத்தனை வருடமாக அங்கே இருந்தது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

"வேண்டாம்" என்றாள்.

மைக் பக்கத்தில் இருந்ததால் அது முற்றத்தின் கடைசிவரை போனது. செண்டை மேளக்காரர்கள் இரண்டு பேர் கோலை ஓங்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். கோல் அப்படியே நின்றது.

மாஷ் அவள் காதருகே வந்தார். "பெரிய பட்டன் சேச்சி. வலது பக்கம்."

"தெரியும் மாஷே. அமுக்க மாட்டேன்."

பவித்ரன் எழுந்து நின்றார். "வத்ஸலே, என்ன இது? வெறும் மீட்டர் ரீடிங்குக்குப் போயி."

"மீட்டர் ரீடிங் இல்ல."

"பின்ன என்ன?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். விளக்கம் சொல்லலாம். விதி பதினான்கைச் சொல்லலாம், ரம்ஸீனா சொன்னதைச் சொல்லலாம். சொன்னால் அந்தப் பெண்ணின் வேலை போகும்; விளக்கத்துக்கு ஒரு குழு போடுவார்கள், குழுவுக்கு ஒரு நோட்டீஸ் அடிப்பார்கள்.

"என்னோடது" என்றாள்.

பிறகு குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. ரம்ஸீனா தன் காலடியில் விழுந்த வயரை எடுத்து, சுருட்டாமல், அப்படியே வத்ஸலாவிடம் நீட்டினாள். வக்கீல் நோட்டீஸை எடுத்து, இப்படி ஒரு நிகழ்ச்சி அதில் எங்காவது இருக்கிறதா என்று மேலிருந்து கீழே பார்த்தார்.

மாஷ்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். போட்டோக்காரரைக் கைகாட்டி அழைத்தார்.

"பரவாயில்ல, பரவாயில்ல. கரன்ட் போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். சேச்சி, சும்மா விரல மட்டும் பட்டன் மேல வைங்க. அமுக்கவே வேணாம். திரை அணைஞ்சிருக்கறது போட்டோல தெரியாது. நாளைக்குப் பேப்பருக்கு ஒரு படம் போகணும், அவ்வளவுதான். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல."

போட்டோக்காரர் ஒரு முழங்காலை மடித்துக் கேமராவைக் கண்ணில் வைத்துக் காத்திருந்தார். கூட்டமும் காத்திருந்தது. ஒரு விரல்தான். ஒரு நொடிதான். உண்மையாகவே யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

"அதுவும் முடியாது மாஷே" என்று வத்ஸலா சொன்னாள், சத்தம் உயர்த்தாமல். ரிப்பனை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். வயரை முழங்கையில் மாட்டிக்கொண்டு, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி இடுப்போடு அணைத்துக்கொண்டாள். அதன்பின் நீட்டுவதற்கு அவளிடம் ஒரு விரல்கூட மிச்சமில்லை.